இக்பால் பாய்க்கு அம்பு ஒட்டின கதை

இன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். படுத்த படுக்கையா இருக்கற ஒரு பெரியவரைத் திருப்பிப் படுக்க வெச்சு, ஒடம்புல எங்கயாவது செவந்திருக்கான்னு பாக்கணும். பதினோரு மணிக்கு எங்களுக்குப் பாடம் எடுக்கற மேடம் வருவாங்க, அவங்களுக்குக் காட்டணும். அவ்ளோதான்.

இதுல தப்பாப் போறதுக்கு இன்னா இருக்குன்னு கேப்பீங்க. ஆளு நானா இருந்தா இருக்கு.

என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்லிட்றேன். ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில செக்கரா இருந்தேன். லைன்ல வர்ற ஒவ்வொரு ஷூவையும் தூக்கிப் பாக்கணும். கீறல், சுருக்கம், பசை வழிஞ்சது, நூல் தூக்கினது, எது இருந்தாலும் அந்த எடத்தைக் காட்ற மாதிரி சின்னதா ஒரு செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, ரிப்பேருக்குத் தள்ளிடணும். மூளைக்கு வேலையே இல்ல. பாரு, ஒட்டு, தள்ளு. நமக்குன்னே செஞ்ச வேலை.

அப்புறம் ஆர்டர் கம்மியாச்சு. ஆளைக் கொறச்சாங்க. கொறைக்கறதுல மட்டும் நான் மொத ஆளா வந்தேன்.

என் வீட்டுக்காரி இன்னமும் அங்கதான் தையல் மிஷின்ல இருக்கா. அவதான் என்னை நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸ்ல சேத்து விட்டா. "ஷூவுக்கு ஆர்டர் நின்னுடும். ஆளுங்க படுக்கையில படுக்கறது நிக்காது, போய்ச் சேரு"ன்னா. பேச்சுல அவளை ஜெயிக்க முடியாது. போய்ச் சேந்துட்டேன்.

கிளாஸ்ல எல்லாம் பதினெட்டு, பத்தொம்போது வயசுப் பொண்ணுங்க. ஆம்பளை நான் ஒருத்தன்தான், அதுவும் முன்மண்டை காலியானவன். மொத நாள் நான் உள்ள போனதும் அத்தினி பேரும் எழுந்து நின்னு குட்மார்னிங் சார்னுச்சுங்க. நானும் பின்னாடி யாரோ சார் வர்றாரு போலன்னு திரும்பிப் பாத்தேன்.

பாடம் வயசு வாரியாப் போவும். பொறந்த கொழந்தையை எப்படித் தூக்கறது, எப்படிக் குளிப்பாட்றதுன்னு ஆரம்பிச்சு, வளர்ற புள்ளைங்க, நடு வயசுக்காரங்க, கடைசியா வயசானவங்க. கொழந்தை பாடத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை வெச்சிருந்தாங்க. அதைக் கையில வாங்கினதும் நான் கவுத்துப் புடிச்சு உள்ளங்காலைப் பாத்தேன். கைப் பழக்கம். "அண்ணா, மொதல்ல தலையைப் புடிங்கண்ணா"ன்னு பக்கத்துப் பொண்ணு பதறிப் போய்ட்டா.

எங்க மேடம் கொழந்தை பாடத்துலயும் வயசானவங்க பாடத்துலயும் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் தோல் ரொம்ப மெல்லிசு, சும்மா டேப்பு கீப்பு ஒட்டாதீங்க, உரிச்சா தோலும் சேந்து வந்துடும்னு. நல்லாக் கேட்டுக்கிட்டேன். தலையைக்கூட ஆட்டினேன்.

பிராக்டிகலுக்கு என்னைப் போட்ட எடம் இக்பால் பாய் வீடு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, இடுப்புல ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாரு. ஒரு காலத்துல தோல் ஷாப்புல செலக்‌ஷன் பாத்தவரு. பதம் போட்ட லெதரைக் கையால தடவிப் பாத்தே இது எக்ஸ்போர்ட்டு, இது லோக்கல், இது ரிஜெக்ட்டுன்னு பிரிச்சுப் போட்ருவாராம். இப்போ விழுந்ததுலேர்ந்து யார்கிட்டயும் பேசறதில்ல. செவுத்தைப் பாத்துக்கிட்டே படுத்திருப்பாரு.

அவரோட மக ஷாகிரா அக்காதான் வீட்டைப் பாத்துக்கறாங்க. அவங்க என்கிட்ட தெளிவாச் சொல்லிட்டாங்க. இதுக்கு முன்னாடி பாத்துக்க வந்த ரெண்டு பேரை அப்பா முறைச்சே தொரத்திட்டாரு, உன்னை ஒத்துக்கிட்டாருன்னா கோர்ஸ் முடிஞ்ச கையோட இங்கயே வேலை, இல்லன்னா இல்லன்னு. என் வீட்டுக்காரி அதைக் கேட்டதும் அந்தப் பக்கத்து தர்காவுக்கு வேண்டிக்கிட்டு ஊதுவத்தி ஏத்திட்டு வந்துட்டா. பாருங்க, என் பொழப்பு பாய் ஒருத்தர் கைல இருந்துச்சு.

மொத நாளு பாய் என்கிட்ட பேசினது ஒரே ஒரு வார்த்தை. லுங்கியை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, இதுக்குள்ள கை வெக்காதேன்னாரு. நமக்கும் அதான் வசதி. சரி பாய்னுட்டேன்.

இன்னைக்குக் காலைல போனேன். பாய் மாத்திரை போட்டு நல்ல தூக்கம். கையைக் கழுவிட்டு மெதுவாத் திருப்பிப் பாத்தேன். குதிகால்ல லேசாச் செவப்பு. முழங்கையில ஒண்ணு. தோள்பட்டைகிட்ட ஒண்ணு. சரி, ஞாபகம் வெச்சுக்கலாம்னு பாத்தா, மூணாவதைப் பாக்கறப்போ மொதலாவது மறந்து போச்சு. மேடம் வந்து எங்கப்பான்னு கேட்டா மறுபடியும் மனுஷனை உருட்டித் தேடணும். பேஜாரு.

அப்போதான் டிபன் பையில கையை விட்டேன்.

ஆம்பூர்ல செக்கரா இருந்தவன் எவன் வீட்டுக்கு வேணா போங்க, அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒண்ணு கெடக்கும். எங்க வீட்ல கேஸ் சிலிண்டர்ல, பொண்ணோட ஜாமென்ட்ரி பாக்ஸுல, எல்லாத்துலயும் இருக்கும். டிபன் பையிலயும் இருந்துச்சு.

குதிகாலுக்கு ஒண்ணு ஒட்டினேன். முழங்கைக்கு ஒண்ணு. தோள்பட்டைக்கு ஒண்ணு. அதோட நிறுத்தியிருந்தா நான் மனுஷன்.

கைக்கு சூடு புடிச்சிடுச்சு. முதுகுல ஒரு மச்சம், ஒட்டினேன். அம்மை குத்தின தழும்பு, ஒட்டினேன். கொசு கடிச்ச எடம், ஒட்டினேன். கழுத்துப் பக்கம் சுருக்கம். கம்பெனில சுருக்கத்தை விட்டா சூப்பர்வைசர் நம்மளை விட மாட்டாரு. அங்க ஒரு நாலஞ்சு போச்சு. ஒரு கை கொஞ்சம் கருப்பு, இன்னொரு கை கொஞ்சம் மாநிறம், ஷேடு சேரல. அதுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டினேன். கடைசியா ரெண்டு பாதத்தையும் சேத்து வெச்சு அளவு பாத்தேன். வலது காலு ஒரு நூல் நீளம். ஜோடி சேரலன்னா அது பெரிய டிஃபெக்ட்டு. பெருவிரல்ல ஒட்டினேன்.

பத்து நிமிஷத்துல பாய் ஒடம்பெல்லாம் அம்பு. எட்டி நின்னு பாத்தேன். எனக்கு ரொம்பத் திருப்தியா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

ஷாகிரா அக்கா டீ எடுத்துட்டு வந்தாங்க. டீயைக் கீழ வெக்கல, என் கைலயும் குடுக்கல, அப்படியே நின்னாங்க. இன்னா தம்பி இதுன்னாங்க. மேடம் வந்து பாப்பாங்கக்கா, அதுக்குத்தான்னேன். நான் சொன்னது அத்தோட சரி. ஆனா அக்கா முகம் மலர்ந்துடுச்சு. ஓ, புது ட்ரீட்மென்ட்டா, ரத்தம் ஓட்றதுக்கான்னு கேட்டாங்க. நான் இல்லன்னு சொல்லியிருக்கணும். நான் டீயை வாங்கிக் குடிச்சேன்.

அக்கா போய் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அவங்களை எல்லாரும் காலான்னு கூப்புட்றாங்க, நானும் அப்படியே கூப்புட்டேன். அவங்களுக்கு நான் பேட்டா, மகன் மாதிரி. காலா ஒரு அம்பை உத்துப் பாத்துட்டு, என் முட்டிக்கு ஒண்ணு வை பேட்டா, மாடி ஏற முடியலன்னு கேட்டாங்க. இது அதுக்கு இல்ல காலான்னேன். பெரியவருக்கு மட்டும் அம்பது ஒட்ற, எனக்கு ஒண்ணு குடுக்க மனசு வரலையான்னு கோச்சுக்கிட்டாங்க. நைட்டி மேலயே முட்டிகிட்ட ஒண்ணு ஒட்டிட்டேன். எழுந்து நடந்து பாத்தாங்க. வலி கம்மியாய்டுச்சுன்னாங்க.

அந்த சத்தத்துல பாய் முழிச்சுட்டாரு.

கையைத் தூக்கிப் பாத்தாரு. முன்னங்கையில மூணு அம்பு. இன்னொரு கையைப் பாத்தாரு. காலைப் பாத்தாரு. தோல் ஷாப்புக்காரருக்கு அம்புன்னா இன்னான்னு யாரும் சொல்லித் தர வேணாம். இத்தினி அம்பு ஒரு பீஸ்ல இருந்தா அது எந்தப் பக்கம் போவும்னும் தெரியும். அப்புறம் மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு மெதுவாக் கேட்டாரு.

"என்னை ரிஜெக்ட் பண்ணிட்டியா, பேட்டா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுடுச்சு. ஏற்கெனவே இனிமே நாம எதுக்கும் ஆக மாட்டோம்னு படுத்திருக்கற மனுஷன். அவரு மேல போய் இதை ஒட்டியிருக்கேன். அசிங்கமா இருந்துச்சு. மன்னிப்பு கேக்கணும்னு வாயைத் தொறந்தா, வந்தது வேற.

"இல்ல பாய். ரிப்பேருக்குத்தான் போட்டிருக்கேன். ரிப்பேர் முடிஞ்சா அனுப்பிடலாம்."

பாய் திரும்பினாரு. முறைச்சாரு. போச்சு, மூணாவது ஆளும் அவுட்டுன்னு நெனச்சேன். கண்ணாடியைக் கொண்டான்னாரு மகளைப் பாத்து. அக்கா ஓடிப் போய் மூக்குக் கண்ணாடியை எடுத்துட்டு வந்தாங்க.

அதுக்கப்புறம் அரை மணி நேரம் எனக்கு நடந்தது இன்டர்வியூ. ஒவ்வொரு அம்பா காட்டிக் காட்டிக் கேட்டாரு. இது பொறவி மச்சம், நேச்சுரல் மார்க், இதுக்கு எவனாவது ஸ்டிக்கர் ஒட்டுவானான்னாரு. தழும்பு ஆறிப் போச்சு, ஆறினதை எல்லாம் டிஃபெக்ட்ல சேத்தா ஒரு தோல் கூட தேறாதுன்னாரு. சுருக்கத்துக்கு, உனக்கு என் வயசுல எப்படி இருக்குதுன்னு வந்து பாக்கறேன்னாரு. பெருவிரல் அம்புதான் அவருக்குத் தாங்கல. ஜோடி சேரலையா, பொறந்ததுலேர்ந்து இந்த ஜோடியிலதான் நடந்தேன், எவன் திருப்பி அனுப்பினான்னு கேட்டாரு. விழுந்ததுலேர்ந்து அப்பா இவ்ளோ பேசி நான் கேக்கலன்னு அக்கா வாசப்படில நின்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க.

வாய்ல சொன்னதோட நிக்கல, பாய் தப்பான அம்பை எல்லாம் அவரே புடுங்கி எறிய ஆரம்பிச்சாரு. அந்த நேரம் பாத்து மேடம் வந்தாங்க.

மேடம் கத்தவே இல்ல. அதான் பயம். பாயோட கையைப் புடிச்சு, புடுங்காதீங்கய்யா, விட்ருங்கன்னாங்க. அப்புறம் என்னைப் பாத்து, வயசானவங்க தோலைப் பத்தி நான் இன்னா சொன்னேன்னு கேட்டாங்க. மெல்லிசு மேடம்னேன். வேறன்னாங்க. ஒட்டக் கூடாது மேடம்னேன். எல்லாம் கரெக்டாத் தெரிஞ்சிருந்துச்சு.

பஞ்சுல எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு அம்பையும் ஊற வெச்சு, நானே எடுத்தேன். பாய் புடுங்கின எடத்துல ரெண்டு மூணு திட்டு செவந்து போயிருந்துச்சு. நல்லவேளை, தோல் உரியல. இருக்கற செவப்பைக் கண்டுபுடின்னு அனுப்பினா இல்லாத செவப்பை உண்டாக்கியிருக்கன்னாங்க மேடம். காலா மட்டும் தன்னோடதைக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க, மாடி ஏறிட்டு வந்தேன், வலியே இல்லன்னு.

அப்புறம் மேடம் கேட்டாங்க.

"வால் எலும்பு பாத்தியா?"

நான் பாயைப் பாத்தேன். பாய் செவுத்தைப் பாத்தாரு. மல்லாந்தே படுத்திருக்கறவங்களுக்கு மொதல்ல புண்ணு வர்ற எடம் அதுதான். பாடத்துல மொத வரியே அதான். ஊர்ல இருக்கற மச்சத்துக்கெல்லாம் அம்பு ஒட்டினவன் அந்தப் பக்கமே போகல.

மேடம் பாய்கிட்ட குனிஞ்சு ஏதோ பொறுமையாப் பேசினாங்க. பாய் கண்ணை மூடிக்கிட்டு, பாக்கட்டும்னாரு. கதவைச் சாத்தி, போர்வையைப் போட்டு, ரெண்டு பேருமாத் திருப்பினோம். திருப்பறப்போ பாயை என் கழுத்தைக் கட்டிப் புடிச்சுக்கச் சொன்னேன். புடிச்சுக்கிட்டாரு.

வால் எலும்பு மேல கையகலத்துக்குச் செவப்பு.

மேடம் விரலால அமுக்கி எடுத்தாங்க. வெளுத்துட்டு மறுபடியும் செவந்துச்சு. வெளுக்குது, இன்னும் புண்ணாகல, இன்னைலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வெச்சா சரியாய்டும், இன்னும் நாலு நாள் விட்டிருந்தா வேற கதைன்னாங்க. எனக்கு மூச்சே அப்போதான் வந்துச்சு. நாலு நாளும் நான் லுங்கியைத் தொடாம கௌரவமா மச்சம் எண்ணிக்கிட்டு இருந்திருப்பேன்.

மேடம் கெளம்பறப்போ ஷாகிரா அக்கா உள்ள வந்தாங்க. என்னை வெச்சுக்கிட்டே நேராக் கேட்டாங்க, அப்பா, இவரை வெச்சுக்கலாமா, வேணாமான்னு. மேடமும் நின்னுட்டாங்க. எண்ணெய்க் கையைப் பேன்ட்டுல தொடைச்சுக்கிட்டு நானும் நின்னேன்.

பாய் என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாரு. என் கையை இழுத்து, பொறங்கையைக் கட்டை விரலால ஒரு தடவு தடவினாரு.

"எக்ஸ்போர்ட்டுக்கு ஆவாது. லோக்கலுக்குப் போதும்."

அப்புறம் என்னைக் கிட்ட கூப்புட்டு, நாளைலேர்ந்து அங்கயும் பாரு, ஸ்டிக்கரை எடுத்துட்டு வந்தியோ கையை ஒடிச்சுடுவேன்னாரு. சரி பாய்னேன்.

வெயில் சாஞ்சதும் வீட்டுக்கு வந்தேன். வேலை கெடச்சுடுச்சுடின்னு பந்தாவா உள்ள நடந்தேன். என் வீட்டுக்காரி பின்னாடியே வந்து, கொஞ்சம் நில்லுன்னு சொல்லி, சட்டைக் காலருக்குக் கீழேர்ந்து எதையோ மெதுவா உரிச்சா.

செவப்பு அம்பு. புடுங்கினதுல ஒண்ணைக் கையிலயே வெச்சிருந்து, கழுத்தைக் கட்டிப் புடிக்கறப்போ ஒட்டியிருக்காரு மனுஷன்.

எந்தப் பக்கம் காட்டிச்சுன்னு கேட்டேன். மேலன்னா. மண்டையைத் தடவிப் பாத்துக்கிட்டேன். பாய் பாத்தது செலக்‌ஷன் வேலை, டிஃபெக்ட் எங்கன்னு அவருக்குத் தப்பாது.