தண்ணி தொட்டுச் சொன்ன பாயிண்ட்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை உச்சி வரைக்கும் அவர் பாயிண்ட் போடாத பொருள் ஒன்று கிடையாது. கிழங்கு, டீ, மழை, மாப்பிள்ளை, மேடைப் பேச்சு, கோயில் சுண்டல் என்று எல்லாவற்றுக்கும் ஒரு எண் சொல்வார். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் பாயிண்ட்டு. எனக்கு பாயிண்ட்டண்ணன்.

பாயிண்ட் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாயசத்தில் ஜவ்வரிசியை வழித்துத் தின்கிற உங்களில் பாதிப் பேருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவெடுத்துச் செய்வது அது. கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறதோ அதற்கேற்ற விலை. லோடு வந்து நின்றதும் ஐந்து கிலோ கிழங்கைக் கம்பிக் கூடையில் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி, மேலே தராசில் தொங்க விடுவார்கள். மாவு அதிகமாக இருந்தால் கிழங்கு கனமாக முங்கும். வெறும் தண்ணீர்க் கிழங்கு மிதக்கப் பார்க்கும். அப்போது தராசு காட்டுகிற எண்தான் பாயிண்ட். முப்பதைத் தொட்டால் நல்ல கிழங்கு. இருபதுக்குக் கீழே போனால் மாட்டுக்குப் போடலாம்.

அந்த எண்ணைச் சத்தமாகக் கூப்பிடுகிறவர்தான் பாயிண்ட்காரர். பத்து மாதம் காத்திருந்து பிடுங்கி, மலையிலிருந்து டிராக்டரில் கொண்டுவந்தவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

நான் எழுத வருவதற்கு முன்னால் கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு சின்ன ஜவ்வரிசி ஆலையில் மோட்டார் ஃபிட்டராக இருந்தேன். அங்கேதான் அவரும் இருந்தார். அவருக்குத் தராசு ஒரு சம்பிரதாயம். கிழங்கை இரண்டாக ஒடிப்பார். ஒடிகிற சத்தத்தைக் காதில் வாங்குவார். ஒரு துணுக்கைக் கடித்துத் துப்புவார். "இருவத்தெட்டு" என்பார். அதற்குப் பிறகு முக்கிப் பார்த்தால் இருபத்தெட்டு இருக்கும். ஒரு நாள் அவர் இருபத்தெட்டு என்றார், தராசு இருபத்தாறு காட்டியது. மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. தராசைப் பார்த்து, "உனக்கு இன்னா கேடு வந்துச்சி?" என்று கேட்டார். நான் கழற்றிப் பார்த்தேன். முள்ளுக்குப் பின்னால் குளவி கூடு கட்டியிருந்தது.

மலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாயிண்டில் சந்தேகம் வந்தால் சண்டை போட மாட்டார்கள். "தண்ணி தொட்டுச் சொல்லு" என்பார்கள். பாயிண்ட்காரர் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு எண்ணை இன்னொரு முறை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது சத்தியம், பேச்சு முடிந்தது. எங்கள் ஆலையில் யாரும் கேட்க மாட்டார்கள். இவரே வம்புக்கென்று ஒவ்வொரு லோடுக்கும் கையை விடுவார். மார்கழிக் குளிரிலும் விடுவார். முழங்கை வரை அவருக்குத் தோல் ஊறிப்போய் வெளுத்திருக்கும்.

எண் சொல்கிற இந்த வியாதி ஆலைக்குள் நின்றிருந்தால் பரவாயில்லை. தியாகதுருகத்தில் அவருடைய மைத்துனி மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை எப்படி என்று யாரும் இவரைக் கேட்கவில்லை. கேசரி தின்றுகொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து, "பத்தொம்போது. தண்ணி ஜாஸ்தி" என்றார். மாப்பிள்ளையின் அப்பா, வயசைச் சொல்கிறார் என்று நினைத்து, இல்லைங்க இருபத்தேழு என்று திருத்தினார். "அவ்ளோலாம் வராதுங்க. எத்தினி லோடு பாத்த கையி இது" என்று இவர் மறுத்தார். மைத்துனி வீட்டில் அப்புறம் மூன்று வருடம் இவரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அந்த மாப்பிள்ளை வேறு ஒரு பெண்ணைக் கட்டி, குடித்து, வண்டியை அடமானம் வைத்த பிறகுதான் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள்.

கட்சிக் கூட்டம் ஒன்றில் பேச்சாளர் மூச்சு வாங்க நிறுத்திய அந்த ஒரு நொடியில் இவர், "பதினாலு" என்றார். பக்கத்தில் துண்டு போட்டிருந்தவர்கள் நான்கு பேர் எழுந்தார்கள். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன். பஸ் ஏறியதும் அவர் முகம் வாடிப்போய், "பதிமூணுதானோ? அவசரப்பட்டு ஒண்ணு சேத்துட்டனோ?" என்றார்.

பெண்டாட்டியையும் விடவில்லை. அஞ்சலை அக்கா ஒரு நாள் கரண்டியோடு வந்து, ஊருக்கெல்லாம் சொல்றியே, எனக்கு எவ்ளோ என்று நின்றுவிட்டார். "தராசு முப்பத்தஞ்சோட முடிஞ்சி பூட்டுதே அஞ்சல" என்றார் இவர். ஒரு வாரம் அந்த வீட்டில் மீன் குழம்பு.

எனக்கு மட்டும் சொல்ல மாட்டார். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "நீ இன்னும் புடுங்கற பருவத்துக்கு வரல ஃபிட்டரு. இப்ப புடுங்குனா வேருதான் வரும்" என்பார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனிமேல் சொல்வது அப்படி இல்லை.

ஒரு தை மாதத்தில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, பதற்றமில்லாத வேலையாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த வாரமே இரண்டு வேலை தேடி வந்தது. ஒன்று சின்னசேலம் பக்கம் ஒரு பெரிய ஆலையில் இதே பாயிண்ட் வேலை. சம்பளம் இரண்டு மடங்கு. இன்னொன்று மலைமேல், ஏரியில் படகு விடுகிற இடத்தில். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டி, நாடா கட்டிவிட வேண்டும். சம்பளம் இப்போது வாங்குவதில் பாதி. மகள் அப்போது நர்சிங் முதல் வருடம்.

அஞ்சலை அக்கா மலைக்குப் போ என்றார். நான் களையெடுக்கப் போகிறேன், எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். இவர் அதோடு விட்டிருக்கலாம். டீக்கடைக்கு என்னைத் தேடி வந்தார்.

"ரெண்டயும் ஒடிச்சிப் பாத்துட்டேன் ஃபிட்டரு. சத்தம் கேக்கல. நீ சொல்லு."

நான் யோசிக்கவே இல்லை. சத்தமாகப் பேசுகிறவன் சொல்வது சரியாக இருக்கும் என்று நம்புகிற ஊர் இது. நான் சத்தமாகப் பேசுகிறவன். பொண்ணு படிக்கும்போது எவனாவது சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு போவானா, நெஞ்சு வலி எவனுக்கு இல்லை, மாத்திரை போட்டால் போச்சு என்று கத்தினேன்.

"இல்ல, இத்தினி வருசமா தண்ணியில முக்கியே பொழச்சிட்டேன். இனிமே ஜனங்க முங்காம பாத்துக்கலாம்னு ஒரு ஆச" என்றார்.

"உனக்கு மொதல்ல அந்த நாடாவ கட்டத் தெரியுமாண்ணே?"

"தெரியாதுதான்" என்று சிரித்தார். டீயைக் குடித்துவிட்டு, "இருவத்தொண்ணு" என்றார். அடுத்த மாதம் பெரிய ஆலைக்குப் போய்விட்டார்.

இரண்டு மடங்கு சம்பளம் எவன் சும்மா கொடுப்பான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். முப்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது எனக்கு. தோன்றவில்லை.

அந்த ஆலையில் ஃபிட்டர் லீவு போட்ட ஒரு நாள், தோல் உரிக்கிற இயந்திரத்தின் மோட்டார் நின்றுவிட்டதென்று என்னைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன். எலெக்ட்ரானிக் தராசு. எண் தெரிகிற பக்கம் கிழங்கு கொண்டுவந்தவனைப் பார்த்து இல்லை. ஆபீஸ் பக்கம் திரும்பியிருந்தது. தராசு காட்டுவதில் இரண்டு குறைத்துத்தான் பாயிண்ட்காரர் கூப்பிட வேண்டும். வேறு ஆள் கூப்பிட்டால் மலைக்காரர்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். இவர் கூப்பிட்டால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். முதல் நாளே மேனேஜர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். "உங்க கையி கண்ணுலாம் எங்களுக்கு வேணாங்க. வாயி போதும்."

பதினோரு மணிக்கு டீ வந்தது. வாயில் வைக்க முடியாத டீ. வழக்கம்போல ஒரு எண் வரும், சிரிக்கலாம் என்று காத்திருந்தேன்.

"நல்லாருக்கு" என்றார்.

இத்தனை வருடத்தில் எதையும் அவர் நல்லாருக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மதியம் மலையிலிருந்து செல்லி என்று ஒரு அம்மாள் லோடு கொண்டுவந்தார். வேறு மூன்று பேரோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்த டிராக்டர். பழைய ஆலையிலிருந்தே இவரைத் தெரியும். தராசு இருபத்தெட்டு காட்டியதை நான் ஆபீஸ் பக்கம் இருந்த மோட்டாரிடமிருந்து பார்த்தேன். இவர் இருபத்தாறு என்று கூப்பிட்டார். செல்லி கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து ஒடித்தார். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. திரும்பி, கோபமில்லாமல்தான் கேட்டார்.

"தண்ணி தொட்டுச் சொல்லுண்ணே. ஒத்துக்கறேன்."

மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்தார். பாயிண்ட்டண்ணன் தொட்டியைப் பார்த்தார். கையை விட்டார். முழங்கை வரை விட்டார். இப்போது உண்மையைச் சொல்லிவிட்டு வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவார் என்று நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். அவரோடு நானும் வெளியே நடக்கலாம் என்று.

"இருவத்தாறும்மா" என்றார்.

செல்லி சரி என்று தலையாட்டிவிட்டு மூட்டையை இறக்கச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் என்னிடம் வந்தார். கையைத் துடைக்கவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஃபிட்டரு, எனக்கு எவ்ளோன்னு சொல்லு."

நான் போல்ட்டை முறுக்கிக்கொண்டே இருந்தேன். அது ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.

அவரைக் குறை சொல்ல யாராவது வாயைத் திறந்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அங்கே அனுப்பியவன் நான். அந்த அம்மாளிடம் எடுத்த இரண்டு பாயிண்டில் ஒன்று என் கணக்கு.

மகள் படிப்பு முடியும் வரை அங்கேயே கிடந்தார். எந்தப் பொருளுக்கும் எண் சொல்லவில்லை. அஞ்சலை அக்கா குழம்பில் வேண்டுமென்றே உப்பு போடாமல் வைத்துப் பார்த்திருக்கிறார். அதையும் நல்லாருக்கு என்று தின்றாராம். மகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த மறுநாள் காலை, சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி மலைக்குப் போனார். நேராகச் செல்லி வீட்டுக்கு.

"அன்னிக்கி இருவத்தெட்டும்மா."

செல்லி களியை இறக்கிக்கொண்டே சொன்னாராம். "கெழங்கு என்து. எனக்குத் தெரியாதா? நீ தண்ணி தொட்டப்பறம் உங்கிட்ட இன்னா பேசறது?"

வந்தவருக்குச் சோறு போட்டாராம். அதைத் தின்றது தனக்கு நெஞ்சு வலியை விடக் கஷ்டமாக இருந்தது என்று என்னிடம் சொன்னார்.

படகு வேலைக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டிருந்தார். இவர் கவலைப்படவில்லை. அங்கேயே வாடகைக்கு ஒரு அறை பிடித்தார். அஞ்சலை அக்கா ஏரிக்கரையில் பஜ்ஜி போட்டார். இவர் சம்பளம் இல்லாமலே வருகிறவர்களுக்கு நாடா கட்டிவிட்டார். வேலைக்கு இருந்தவருக்கு அது வசதியாகப் போய், செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செல்லி அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இவர் எழுந்து நிற்பார். செல்லி ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை.

ஒரு ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்துவிட்டார். நெஞ்சுதான். மகள் போன் செய்து, நர்ஸ் எப்படிச் சொல்வார்களோ அப்படி நிதானமாக நேரத்தைச் சொன்னது. அப்புறம், அந்த வேலைக்கு அப்பாவை ஏன் அனுப்பினீங்க மாமா என்று கேட்டது.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு ஆறு மாதம் முன்பு, அந்த ஏரிக்கரையில். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்க வரவில்லை. சும்மா படகில் போக வந்தேன் என்று உளறினேன். மிதவைச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டினார். நாடாவை அழகாக முடிச்சுப் போட்டார். நன்றாகப் பழகியிருந்தார். பிறகு இன்னொன்றை எடுத்து, அதற்கு மேலேயே மாட்டினார்.

"ஒண்ணு போதாதாண்ணே?"

"தண்ணிக் கெழங்குக்கு ஒண்ணு போதும்" என்றார். "உனக்கு மாவு ஜாஸ்தி. முங்கிடுவ."

வரிசையில் நின்றவர்கள் மூட்டை மாதிரி நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு நீச்சல் தெரியும். அது அவருக்கும் தெரியும். படகு கரைக்குத் திரும்பி, எல்லோரும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன பிறகும், அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க மனசில்லாமல் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.