மாமாவைக் கறுப்பு மையில் வரைந்த அன்று

பேய்ப் படக்கதை வரைந்து பிழைக்கும் எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். கரப்பான்பூச்சிக்குப் பயம், நாய்க்குப் பயம், எல்லாவற்றுக்கும் மேலாக என் மாமனாருக்குப் பயம். (கல்யாணமாகி ஆறு வருடம். இன்றும் அவர் இருமினால் நான் எழும்பி நிற்கிறேன்.)

இப்போது என் படக்கதைகள் வெளிநாட்டில் புத்தகமாக வருகின்றன. அப்போது புதுக்குடியிருப்பில் ஒரு வாடகை அறையில் இருந்து வரைந்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முக்கால்வாசி கறுப்பு. கண் இருக்கவேண்டிய இடத்தில் குழி. தேவைக்கு மேல் நீண்ட விரல்கள், இலையில்லாத மரங்கள். கல்யாண வீட்டை வரைந்தாலும் செத்தவீடு போலத்தான் வரும். அதைப் பெரிய கலை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நான் காதலித்த ஜெனிற்றாவின் அப்பா முல்லைத்தீவுக் கரையில் இரண்டு படகு வைத்திருக்கும் சம்மாட்டி. பெண் கேட்டுப் போனபோது அவர் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லவே இல்லை.

“என்ன தொழில்?”

“படம் கீறுறனான், ஐயா.”

“என்ன படம்?”

“பேய்ப் படம்.”

அவர் மகளை ஒருமுறை பார்த்தார். “வாற சனி எனக்கு அறுபது. என்னைக் கீறிக்கொண்டு வாரும். பாத்திட்டுச் சொல்லுறன்.”

ஆக, அந்தப் படத்தில்தான் என் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது. உயிரைக் கொடுத்து வரைந்தேன். பாதி முகம் இருட்டில், கண்கள் குழிக்குள், பின்னால் கரிய கடல். என் அட்டைப்படங்களுக்குப் போடுவதுபோல் சுற்றிவரக் கையகலத்தில் கறுப்புக் கரையும் போட்டேன். எங்கள் ஊரில் கறுப்புக் கரைக்குள் ஒரு முகம் இருந்தால் அது கண்ணீர் அஞ்சலி. சந்திக்குச் சந்தி மதிலில் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். ஆனால் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால், முகம் வெளியே தெரியக் கட்டினேன். கண்ணாடி உடையாமல் ரவுண் கடைத்தெரு வழியாக மெல்ல மெல்லப் போனேன். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டார். (கலைக்கு இங்கே இவ்வளவு மரியாதையா என்று புல்லரித்தது.) படத்தை உற்றுப் பார்த்த ஓட்டோக்காரர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு பறந்தார். நான் இடையில் நின்று, கேக் வாங்க ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன்.

ஊருக்குள் நுழையும்போது மாதா கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. துக்க மணி. சம்மாட்டியார் வீட்டு முற்றத்தில் சனம். யாரோ பிளாஸ்டிக் கதிரைகள் இறக்கினார்கள். ஜெனிற்றாவின் அம்மா தலைவிரிகோலமாய் மண்ணில் கிடந்தார்.

“என்ன நடந்தது?” என்று படலையடியில் நின்றவரைக் கேட்டேன்.

“சம்மாட்டியார் மோசம் போயிட்டாராம், தம்பி. விடியக் கடலுக்குப் போனவர். ரவுணில எல்லாரும் கதைக்கினம்.”

அந்தச் செய்திக்கு இந்தக் கரையில் யாரும் சாட்சி கேட்பதில்லை. போய்த் திரும்பாதவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். ஜெனிற்றா அப்பாவின் போனுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள்தான் அவருடைய கண்களைக் குழியாக்கியிருந்தேன். நானே அந்த மனிதனைக் கீறிக் கொன்றுவிட்டேன் என்று மனதார நம்பினேன். பட்டப்பகலில் அவ்வளவு பயந்தது அன்றுதான்.

சனம் கடற்கரைக்கு ஓடியது. நானும் படத்தை அவிழ்த்து நெஞ்சோடு அணைத்தபடி ஓடினேன். எல்லாருக்கும் முன்னால் நின்று, எல்லாரையும்விடச் சத்தமாக அழுதேன்.

அப்போது ஒரு படகு வந்தது. சம்மாட்டியார் மீன்கூடையோடு இறங்கினார். ஊரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் நெஞ்சில் கறுப்புக் கரைக்குள் இருந்த தன்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் விளங்கியது. ஓடலாம் என்றால் முன்னால் கடல், பின்னால் அவருடைய சொந்தக்காரர்.

“இதையோ ரவுணுக்குள்ளால கொண்டு வந்தனீர்?”

“ஓம், ஐயா.”

அதற்குள் அவர் மனைவி ஓடிவந்து, “எங்கையப்பா போனனீங்கள்!” என்று அவருடைய நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்து அழுதார். அவர் கூடையைக் கீழே வைத்து மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு இவ்வளவு சனம் அழும் எண்டு தெரியாது,” என்றார். என் பக்கம் திரும்பினார். “நீரும் அழுதனீர் போல?”

“ஓம், ஐயா.”

“சரி. மகளைத் தாறன். கலியாணப் படத்தை மட்டும் வேற ஆரும் எடுக்கட்டும்.”

படம் இப்போது அவருடைய அலுமாரிக்குள் இருக்கிறது. தேவைப்படும் நாளில் வெளியே எடுக்கலாம் என்று மாமா சொல்லிச் சிரிப்பார். மாமி, அவர் கடலுக்குப் புறப்படும் ஒவ்வொரு விடியலிலும் எனக்குப் போன் எடுப்பார்.

“தம்பி, நேற்று ஆரையும் கீறினனீங்களே?”

“இல்லை, மாமி.”

வீடே சிரிக்கும். மாமியும் சிரிப்பார். ஆனால் என் பதில் வரும்வரை மாமாவின் சாப்பாட்டுப் பெட்டியை அவர் கையில் கொடுக்க மாட்டார்.