இருபத்தாறு கையெழுத்து

நான் எண்ணுவதில் கெட்டிக்காரன். எதை எண்ணுகிறோம் என்று பார்ப்பதில்தான் கொஞ்சம் மந்தம்.

எழுபதுகளில் திருவொற்றியூர்க் குப்பத்தில், மீன் விற்கும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் போவேன். நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. என் மாத அறிக்கையில் 'வகுப்புகள் இருபது, வந்தவர்கள் இருபத்தாறு' என்று இருக்கும். (பாதிப் பேர் நிழலுக்காக வந்தவர்கள் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.)

ஒருநாள் மேலாளர் ஞானப்பிரகாசம் கூப்பிட்டார்.

"தம்பி, பணம் குடுக்கிற அம்மா நேர்ல வராங்க. எத்தனை பேர் வந்தாங்கன்னு அவங்களுக்கு வேண்டாமாம். எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு பாக்கணுமாம். ஒண்ணும் தேறலைன்னா வகுப்பை மூடிடுவாங்க. பத்து நாள் இருக்கு."

மறுநாள் கரும்பலகையில் என் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டேன். "கையெழுத்துன்னா இதுதான். தினம் இருபது தடவை எழுதிப் பழகுங்க" என்று சொல்லிவிட்டு, அலுவலகத்தில் உட்கார்ந்து, கையெழுத்துக் கற்றவர்களின் எண்ணிக்கைக்கு வரைபடம் போடத் தொடங்கினேன். சிவப்புக் கோடு பூஜ்யத்திலிருந்து இருபத்தாறுக்குச் செங்குத்தாக ஏறியது. நடுவில் ஒருமுறை போய், வாசலில் நின்றபடியே "பழகறீங்களா?" என்றேன். "பயகிகினுதான் கீறோம்" என்றார்கள். குறித்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் வந்தார். பெண்களில் முனியம்மா முதலில் போட்டாள். அழகான கையெழுத்து. அடுத்து எல்லம்மா. அடுத்து தனம். அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஆறாவது கையெழுத்தில் புருவம் நெரிந்தது. இவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயரா என்று கேட்டார்.

மேலாளர் தாளை வாங்கி உரக்கப் படித்தார். "ம. அந்தோணிசாமி. ம. அந்தோணிசாமி. ம. அந்தோணிசாமி..." நிறுத்திவிட்டு, ம. அந்தோணிசாமியாகிய என்னைப் பார்த்தார்.

முனியம்மாதான் எனக்காகப் பேசினாள்.

"இன்னாத்துக்கு சார் அவர மொறைக்கிற? கையெய்த்துன்னா இதான்னு அவருதான் எய்திக் காட்டினாரு. கை நோவ எய்திகினு கீறோம். தப்பு இருந்தா சொல்லு."

தப்பு இல்லை. ஒரு சுழிகூடப் பிசகவில்லை.

"அது அவர் பேரும்மா. உன் பேரை எழுதத் தெரியுமா?"

"எம் பேரா? அத்த யாரு கேட்டா?"

மேலாளர் மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் தாளை வாங்கி மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு, இவர்களால் கற்றுக்கொள்ள முடியும் என்பது தெரிந்துவிட்டது, ஆசிரியருக்கு இன்னும் மூன்று மாதம் தரலாம் என்றார். ஒரே நிபந்தனை: அவர்கள் எழுதுவதை, அவர்களைத் தெரியாத ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும்.

மூன்று மாதமும் வரைபடத்தைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் யாரையும் தெரியாத விம்கோ நகர் டீக்கடைக்காரரிடம் தாளைக் கொடுத்தபோது இருபத்திரண்டு பேரின் பெயரைத் தடுமாறாமல் படித்தார். மீதி நாலு புரியவில்லை என்றார். நாலு பேர் தேறவில்லை என்றே அறிக்கையில் எழுதினேன். வகுப்பு தப்பியது.

இந்தக் கதையை மேலாளர் என் கல்யாணத்தில் மைக்கில் சொன்னார். அன்று முதல் தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்து நான் இல்லையென்றால், என் மனைவி கவலைப்படுவதே இல்லை.

"அவரு இல்லாட்டி இன்னா? குப்பத்துல யார வேணா கேளுங்க, போட்டுக் குடுப்பாங்க."