செலினுந்தேயில் குண்டு விழவில்லை, அக்கா

பலெர்மோ, இத்தாலி
10.11.1997

பேரன்புள்ள அக்கா அறிவது,

நல்லூரான் புண்ணியத்தில் நானும் குகனேஸ்வரியும் சுகம். அத்தானும் ஆரணியும் நீங்களும் அவ்வாறே இருக்க வேண்டிக்கொள்கிறேன். ஆரணிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை லக்சனும் சுகம்தான். ஆனால் உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"குண்டு விழுற ஊருக்கு என்ரை ஆரணியைத் தரமாட்டன். நீங்களும் வெளிக்கிட்டு இஞ்சை வாங்கோ. எங்கடை வீட்டிலை பாதிக் கூரையாவது மிஞ்சிக் கிடக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தாலியில் இருப்பவனை யாழ்ப்பாணத்துக்கு அகதியாக வரச்சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

அக்கா, மாப்பிள்ளையைக் காட்ட நாங்கள் அனுப்பிய அந்தப் படத்தில் இடிந்து கிடப்பது செலினுந்தே என்கிற பழைய கிரேக்கப் பட்டினம். இரண்டாயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் கட்டிய கோயில்கள், நிலநடுக்கத்தில் விழுந்தவையாம். லக்சன், தான் வேலை செய்கிற மொண்டெல்லோ உணவகத்துக்கு முன்னால் படம் எடுப்போம் என்றுதான் கெஞ்சினான். "கோப்பை கழுவுற இடத்திலையோ பொம்பிளை வீட்டுக்குப் படம் எடுக்கிறது? பெரிய தூணுக்குப் பக்கத்திலை நில்லடா" என்று அடக்கியவன் நான். கார் இரவல் வாங்கி இரண்டு மணித்தியாலம் ஓடிப்போய் இறங்கினால், உங்கள் மச்சாள் குகனேஸ்வரி, "கோயிலெண்டால் கோயில்தான், செருப்பைக் கழட்டுங்கோ" என்று வழியை மறித்துவிட்டாள். கழற்றினோம். ஆடி வெயிலில் கல் தோசைக்கல்லாய்க் கொதித்தது. அதனால்தான் மூவரும் ஆளுக்கொரு காலைத் தூக்கியபடி அழுவாரைப்போல் நிற்கிறோம், தலையில் துவாய் வெயிலுக்கு, அவள் நெஞ்சோடு அணைத்திருக்கிற மூட்டை காரில் வைத்தால் பழுதாகிவிடும் என்று தூக்கிவந்த சோற்றுப் பார்சல். படம் எடுத்துத் தந்த வெள்ளைக்காரிகூட எங்கள் கோலத்தைப் பார்த்து ஆளுக்கொரு வாழைப்பழம் தந்துவிட்டுத்தான் போனாள்.

உங்களில் பிழையில்லை. வெறுங்காலும் மூட்டையும் இடிந்த சுவரும் பார்த்தால், தொண்ணூற்றைந்தில் வீட்டை விட்டு நடந்தவர்களுக்கு வேறென்ன நினைவு வரும்? படத்தைக் கையில் வைத்துக்கொண்டு "என்ரை தம்பி, என்ரை தம்பி" என்று நீங்கள் அழுததாக ஆரணி எழுதியிருந்தாள். வாசித்து நானும் அழுதேன். அக்கா, என் முட்டாள்தனத்துக்காக அந்தப் பிள்ளைகளின் கலியாணத்தை நிறுத்திவிடாதேயுங்கோ.

இத்துடன் புதுப் படம் வருகிறது. எங்கள் வீட்டு வாசலில் எடுத்தது. மூவரும் சப்பாத்துப் போட்டிருக்கிறோம், சிரிக்கிறோம். இந்த ஊரில் ஒரு ஓடுகூடக் கழன்று விழவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். ஆரணிக்கு மாமாவின் ஆசி, மாமியின் முத்தம்.

உங்கள் அன்புத் தம்பி
கோபாலசிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் குகனேஸ்வரி படத்தைப் பார்த்துவிட்டு, "பின்னாலை தெரியிற வீட்டுக்குக் கூரை எங்கையப்பா?" என்கிறாள். ஐந்து வருடமாகத் தினமும் அதைக் கடந்து போகிறேன், கண்ணில் படவேயில்லை. அயல்வீட்டுக் கிழவரைக் கேட்டேன். அது குண்டு விழுந்ததுதான், அக்கா. ஆனால் உலக யுத்தத்தில், நாற்பத்து மூன்றாம் ஆண்டு விழுந்தது, இன்னும் திருத்தவில்லை. வெட்டி எடுக்கலாம் என்றால் மாப்பிள்ளையிலும் பாதி போய்விடும். ஆகையால் படத்தின் இடப்பக்கத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு பாருங்கோ.