ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியுது?

தை மாதம் மூன்றாம் தேதி, காலை எட்டே கால். மார்கழிப் பனி விடைபெற மனமில்லாமல் ஸ்ரீரங்கத்து வடக்கு உத்தர வீதியிலேயே தங்கியிருந்தது. கோபுரத்தின் மேல் பாதி அங்கே இருக்கிறதா, இல்லை நாமாக நினைத்துக்கொள்கிறோமா என்று சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் அலுவலகத்தின் ஏழு கம்ப்யூட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன.

இந்த ஆபத்தை நான்கு வருடமாக எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரே மனிதர், அன்றைக்குப் பார்த்து மருங்காபுரியில் அக்கா வீட்டில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

அவரை நாங்கள் 'சந்தேகம்' என்று அழைத்தோம். திருச்சி ஜில்லாவில் அவரைப் போல் சந்தேகப்பட்டவர் எவரும் பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தால், பிறப்புச் சான்றிதழைச் சந்தேகம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

எங்களுடையது கல்யாண ஜாதகம் சேர்த்துவைக்கும் இணையதளம். வைதேகி அம்மாள் முதலாளி. ஓய்வுபெற்ற கணக்காளனான நான் வரவுசெலவைப் பார்க்கிறேன். பதினோராயிரத்துச் சொச்சம் குடும்பங்கள் பிள்ளைகளின் ஜாதகத்தை எங்களிடம் கொடுத்திருந்தன. அவற்றை இணையத் திருடர்களிடமிருந்து காக்கத்தான் எடமலைப்பட்டி புதூரிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வந்தார் சந்தேகம்.

சேர்ந்த முதல் வாரம், கோயிலில் வைதேகி அம்மாளுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார். அம்மாள் அர்ச்சகரிடம், "வைதேகி, சுவாதி நட்சத்திரம்" என்று சொன்னதுதான் தாமதம். நேராக அலுவலகத்துக்கு வந்து, அம்மாளின் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

"கோயில்ல சத்தம் போட்டுச் சொல்றதையே பாஸ்வேர்டா வெச்சிருக்கீங்களேம்மா."

"பெருமாள்கிட்ட சொல்றது வேற யார் காதுல விழப்போறதுன்னு இருந்துட்டேன்."

"எனக்கு விழுந்துச்சுங்களே."

விசாரித்தால் நாங்கள் ஏழு பேரும் அவரவர் நட்சத்திரத்தையே வைத்திருந்தோம். ஜாதக ஆபீசில் ஒருவருக்கொருவர் முழுப்பெயர் தெரியாமல் போகலாம், நட்சத்திரம் தெரியாமல் போகுமா?

பிறகு இணையதளம் முழுவதையும் ஸ்ரீரங்கத்துத் தெருக்களாகப் பிரித்தார். யார் வேண்டுமானாலும் பார்க்கும் பக்கம் கோயிலின் வெளிச்சுற்றான சித்திரை வீதி. உறுப்பினர் பக்கம் அதற்கு உள்ளே இருக்கும் உத்தர வீதி. குடும்பங்களின் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றையும் தனியே பிரித்து, உள்ளறையில் எந்தக் கேபிளும் தொடாத ஒரு பழைய கம்ப்யூட்டரில் வைத்து, அதற்கு மூலஸ்தானம் என்று பெயரிட்டார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நாங்கள் அங்கே போக வேண்டும்.

ஆனால் பெரிய சிக்கல் வேறு. முகம் தெரியாதவர்கள் அனுப்பும் கோப்பைத் திறப்பதுதான் எங்கள் தொழில். முகம் தெரியாதவர் அனுப்புவதைத் திறக்கக் கூடாது என்பது அவர் தொழில். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டார். ஜாதகம் அனுப்புகிறவர் முதலில் போன் செய்ய வேண்டும். சந்தேகம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இப்ப உங்க ஜன்னலுக்கு வெளிய என்னங்க தெரியுது?"

திருடன் யோசிப்பான், வீட்டு மனிதர் திரும்பிப் பார்ப்பார் என்பது அவர் சித்தாந்தம்.

மத்தியான வேளைகளில் சர்வர் அறையின் கதவிடுக்கு வழியாகக் குளிர்ச்சியும் மெல்லிய ரீங்காரமும் வரும். நான் கூட்டல் போட்டுக்கொண்டிருப்பேன். ஸ்பீக்கர் போனில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வரும். திருவெள்ளறையில் மோட்டார் அறைமேல் ஒரு மயில். உறையூரில் மொட்டை மாடியில் மஞ்சள் புடவை. எங்கேயோ ஒரு வீட்டில், மழை வரும்போல இருக்கிறது, ஆனால் வரவில்லை. எட்டும் ஏழும் பதினைந்து, மீதி ஐந்து, கையில் ஒரு மயில் என்று எழுதிவிட்டு விழித்துக்கொண்ட நாட்கள் உண்டு.

சித்தாந்தம் சறுக்கியதும் உண்டு. ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு பையன் கூப்பிட்டு, "ஒண்ணும் தெரியல சார், இருட்டா இருக்கு" என்றான். சந்தேகம் போனை வைத்துவிட்டார்.

"திருடன் சார். பட்டப்பகல்ல இருட்டுங்கிறான்."

அந்தப் பையன் அமெரிக்காவில் இருந்தான்.

"எவ்வளவு நல்ல வரன் தெரியுமா? போச்சு" என்று வைதேகி அம்மாள் தலையில் கைவைத்தார்.

"அமெரிக்கான்னா என்னங்கம்மா, வாசல் லைட்டப் போட்டுப் பாத்திருக்கலாம்ல?"

இன்னொருவன், இணையதளம் நாளைக்கு முடங்கிவிடும், ஓடிபியைச் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினான். அவனிடமும் அதே கேள்வி. நெடுநேரம் கழித்து, "இங்க ஜன்னலே இல்லண்ணே" என்றான்.

"சாப்டியாப்பா?" என்று கேட்டார் சந்தேகம்.

இணைப்பு அறுந்தது. அன்று முழுவதும் அவருக்கு வேலை ஓடவில்லை. "காத்து வெளிச்சம் இல்லாத எடத்துல ஒக்கார வெச்சா, மனுஷன் வேற என்னதான் சார் செய்வான்?" என்று என்னிடமே கோபித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் எல்லா ஜாதகங்களுக்கும் ஒரு நகல் எடுத்து, சிறிய டிஸ்க்கில் ஏற்றி, துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார். அங்கே அது அரிசி டிரம்முக்குள் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாதென்று டிஸ்க்குக்கும் ஒரு டிக்கெட் எடுப்பார்.

"பதினோராயிரம் பேரு சார். எல்லாரும் ஒரே டிக்கெட்ல போறாங்க" என்று வவுச்சரை நீட்டுவார்.

"ஜாதகத்துக்கெல்லாம் பஸ் சார்ஜ் தர விதி கிடையாது" என்று நான் திருப்பிக் கொடுப்பேன். அடுத்த வெள்ளி மறுபடி நீட்டுவார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, "நான் வர்ற வரைக்கும் ஜன்னல் உங்க பொறுப்பு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் ஒருவரையும் விடாமல் கேட்டேன். என்னைத் தாண்டி ஒன்றே ஒன்று போய்விட்டது. அது வைதேகி அம்மாளுக்கே நேராக வந்த மின்னஞ்சல். உங்கள் மகளுக்குப் பத்துப் பொருத்தமும் உள்ள வரன், ஜாதகம் இணைக்கப்பட்டுள்ளது. ஊரார் பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்த அம்மாளின் மகளுக்கு முப்பத்து மூன்று வயது. அம்மாள் திறந்துவிட்டார்.

பூட்டிய ஜாதகங்கள் திரும்ப வேண்டுமென்றால் பணம் கட்டு என்றது சிவப்புத் திரை. அவை போனால் தை முகூர்த்தம் போகும், அம்மாளின் பெயர் போகும், ஆபீசை மூடிவிட வேண்டியதுதான். நான் எல்லாக் கேபிளையும் பிடுங்கிவிட்டு மருங்காபுரிக்குப் போன் செய்தேன். அம்மாள் மடியில் கைவைத்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

பகல் ஒரு மணிக்குச் சந்தேகம் வந்தார். வழியில் வீட்டில் இறங்கி டிரம்மைத் துழாவிவிட்டு வந்திருக்கிறார். துண்டைப் பிரித்ததும் மேஜையில் அரிசி சிதறியது. அவர் கேட்பதற்கு முன்பே அம்மாள் சொன்னார்:

"பொண்ணுக்கு வரன்னு வந்தது. நான்தான் திறந்தேன். நீங்க திட்டிடுங்கோ."

"பத்துக்குப் பத்துன்னானாம்மா?"

"ஆமாம்."

"அப்ப நானும் தொறந்திருப்பேங்க" என்றார், உலகத்தில் எதையுமே திறக்காத அந்த மனிதர்.

கம்ப்யூட்டர்களை எல்லாம் துடைத்து அழித்து, ஜாதகங்களை மறுபடி ஏற்றினார். பெயரும் முகவரியும் போன் நம்பரும் மூலஸ்தானத்தில் பத்திரமாக இருந்தன. திருடனுக்குக் கிடைத்தது, பதினோராயிரம் பேருக்குச் செவ்வாய் எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டும்தான்.

ஆனால் கடைசி நகலுக்குப் பிறகு வந்த ஜாதகங்கள் முப்பத்தேழு. அவர்களைக் கூப்பிட்டு மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். முதல் வீட்டிலேயே ஒரு மாமி பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தானே அனுப்பிச்சோம்? நீங்க யாரு? இந்த மாதிரி ஏமாத்தறவாளைப் பத்தித்தான் பேப்பர்ல தினம் போடறானே."

சந்தேகம் விரலால் எங்கள் ஜன்னலைக் காட்டினார். வெளியே பனி விலகியிருந்தது.

"அன்னிக்கு போன்ல சொன்னேளே, உங்க ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரம்," என்றேன். "நீலக் கயித்துல ஒரு பனியன் காயறது. பக்கத்துல கால் ஒடிஞ்ச நாற்காலி."

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

"பனியனை எடுத்துட்டோம் மாமா. அனுப்பறேன்."

மாலைக்குள் முப்பத்தாறு ஜாதகங்கள் வந்தன. வராத ஒன்று, அதற்குள் நிச்சயமாகிவிட்ட பெண்ணுடையது.

இப்போது சந்தேகத்துக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. வீட்டிலிருந்தபடியே சித்திரை வீதியையும் உத்தர வீதியையும் காவல் காக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் டிஸ்க்கை நான் எடமலைப்பட்டி புதூருக்குக் கொண்டுபோகிறேன். என் மடியில் வைத்தால் போதும்தான். ஆனாலும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் துண்டை விரித்து உட்காரவைத்துவிடுகிறேன்.

அங்கே மணி அடித்தால் சந்தேகம் உடனே திறக்கமாட்டார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

"யாருங்க? ஜன்னல்ல என்ன தெரியுது?"

"நீங்கதான் தெரியறேள்" என்பேன். அப்புறம்தான் தாழ்ப்பாள் விலகும்.

இந்தப் பஸ் செலவுக்கு நான் வவுச்சர் எழுதுவதில்லை. எனக்குப் பதினெட்டு, டிஸ்க்குக்குப் பதினெட்டு. முப்பத்தாறு ரூபாய்.