தலையணைக்குள் நூடுல்ஸ்

தண்ணீர் கொதித்துவிட்டது. நூடுல்ஸை உள்ளே போட்டாகிவிட்டது. பொடியைக் கொட்டிக் கிளறியும் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா வாசல் பூட்டில் சாவி திரும்ப வேண்டும்?

ஏழாம் நம்பருக்கு மூச்சே நின்றுவிட்டது.

ஏழாம் நம்பர் என்பது அவர் ஓட்டும் பஸ்ஸின் எண். வருஷக்கணக்கில் அதே தடத்தில் ஓட்டி ஓட்டி, டெப்போவில் எல்லோரும் அவரையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மனைவிகூடக் கோபம் வந்தால், "ஏழாம் நம்பர் எங்க கிளம்பியாச்சு?" என்றுதான் கேட்பாள்.

அன்று அவருக்கு டெப்போவில் மருத்துவப் பரிசோதனை. மூன்று மாதத்துக்கு முன் நடந்த பரிசோதனையில் ரத்த அழுத்தம் எகிறிப் போயிருந்தது. டெப்போ டாக்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, "தினமும் அப்படி என்னதான்யா சாப்பிடறீங்க?" என்று கேட்டார். இவரும் வெகுளியாக உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

"பாக்கெட் நூடுல்ஸா? தினமுமா? அதுக்குள்ள ஒரு குட்டிப் பொட்டலம் வருமே, அது பொடி இல்லய்யா, உப்பு மூட்டை! அடுத்த தடவையும் பிரஷர் இப்படியே இருந்துது, ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டேன். நேரா தொலைஞ்ச சாமான் ரூமுக்கு அனுப்பிடுவேன்."

டெப்போவின் கோடியில், ஜன்னலே இல்லாத அறை அது. பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரும் தேடி வராத ஒரு பல்செட்டு, இதெல்லாம் அங்கே இருக்கும். பஸ் ஓட்டுவது என்றால் இவருக்கு உயிர். அவ்வளவு பெரிய வண்டியைக் குறுகலான திருப்பத்தில் உரசாமல் வளைத்து எடுக்கும்போது, முன்சீட்டில் இருப்பவர்கள் 'அப்பாடா' என்று மூச்சு விடுவார்களே, அந்தச் சத்தத்துக்காகவே காலையில் குஷியாக எழுந்திருக்கிற ஆள். அவரைக் கொண்டுபோய்ப் பல்செட்டுக்குக் காவல் வைத்தால் எப்படி?

அப்புறம் ஏன் சாப்பிட்டார் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பயம் வேறு, நாக்கு வேறு.

நாள் முழுக்க ஹாரனும் ஏச்சும் பேச்சுமாகப் போகும். யாரோ ஒருவர், "டிரைவர், கட்டை வண்டியா ஓட்டறீங்க?" என்பார். இன்னொருவர், "பிளேனா ஓட்டறீங்க?" என்பார். வண்டியை நிறுத்திவிட்டு ஓய்வறைக்கு வந்து, கெட்டில் வெந்நீரை ஊற்றி, கிண்ணத்தைத் தட்டால் மூடிவிட்டுக் காத்திருப்பார். தட்டை எடுத்ததும் ஆவி வந்து மூக்குக்கண்ணாடியை மறைக்கும். ஒன்றும் தெரியாது. தெரியவே வேண்டாம் என்று இருக்கும். சர்ர்ரென்று ஓர் உறிஞ்சு! அத்தனை பேர் திட்டியதும் தொண்டையோடு இறங்கிப் போய்விடும். இவ்வளவு மலிவாக இவ்வளவு சந்தோஷத்தை வேறு எந்தக் கடையில் தருகிறார்கள்?

அதிலும் இந்த மூன்று மாதமாக அதன் ருசி எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. மிளகு தூக்கலாக, பூண்டு மணக்க, என்னமோ போங்கள். பாக்கெட்டின் ஓரத்தை மட்டும் கோணல்மாணலாக ஒட்டி அனுப்புகிறார்கள். ருசியில் கவனமாக இருப்பவன் ஒட்டுவதில் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பான், போகட்டும் என்று இவரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

மனைவியின் கண்ணில் படாமல் பாக்கெட்டுகளை எங்கே வைப்பது? தன் தலையணைக்குள்ளேயே வைத்தார். படுத்துத் தலையைத் திருப்பினால் மொறுமொறுவென்று சத்தம் வரும்.

"என்னங்க அது சத்தம்?" என்று மனைவி கேட்டாள்.

"கழுத்து எலும்பும்மா. தேய்மானம். டிரைவருங்களுக்கெல்லாம் வர்றதுதான்."

பாவம், அவள் தினமும் தைலம் தேய்த்துவிட்டாள்.

இப்போது அவள்தான் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கண்டம் தாண்டும் முன் கடைசியாக ஒரு கிண்ணம் என்று இவர் அடுப்பைப் பற்றவைத்தது, அவள் கடைக்குப் போகிறாள் என்ற தைரியத்தில்தான். அவள் வீட்டிலேயே மசாலாப் பொடியும் சூப் பொடியும் அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறாள். கூடத்தில் மாமனார் உட்கார்ந்து பொட்டலங்களை மெஷினில் அழுத்தி ஒட்டிக்கொண்டிருப்பார். பாதி நேரம் தூக்கம், மீதி நேரம் ஒட்டல். பேச்சு என்பது அவருக்கு வேண்டாத செலவு.

எதிரே வெந்நீர் பிளாஸ்க் காலியாக இருந்தது. ஏழாம் நம்பர் யோசிக்கவே இல்லை. பாத்திரத்தோடு தூக்கி நூடுல்ஸை அதில் கவிழ்த்து மூடியைத் திருகினார். விரல் சுட்டது. சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பினால், வாசற்படியில் மனைவி.

"பொடிப் பையை மறந்துட்டுப் போயிட்டேங்க" என்றவள் மூக்கை உறிஞ்சினாள். "என்னங்க இது, வாசனை ஆளைத் தூக்குது?"

"வாசனையா? அது... உன் சூப் பொடிதான். கொஞ்சம் ருசி பாத்தேன்."

அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "நீங்களா? என் பொடியையா? 'ஆஸ்பத்திரி கஞ்சி மாதிரி இருக்கு'ன்னு சொன்னவராச்சே!"

"அது அப்போ. இப்போ பிரமாதம்."

"உப்பு சரியா இருந்துதா?"

"கச்சிதம்!"

"அடேயப்பா! எழுதி வச்சுக்கணும் போல இருக்கே. சரி, பிளாஸ்க்ல என்ன?"

"வெந்நீர். டெப்போவுக்கு எடுத்துட்டுப் போகத்தான். தொண்டை கரகரங்குது."

"தொண்டை வேறயா? கழுத்து, தொண்டை, பிரஷர்... உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன். நானும் வரேன்."

வேண்டாம் என்றால் சந்தேகப்படுவாள். சரி என்றால் மாட்டிக்கொள்வோம். தலை தானாக ஆடி, சரி என்றுவிட்டது.

கிளம்புவதற்குள் இவருக்கு ஒரு யோசனை உதித்தது. உள்ளே இருக்கிற உப்பைக் கரைக்கத் தண்ணீர் குடித்தால் போதாதா? சொம்பு சொம்பாகக் குடித்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து நாலு நிறுத்தம் போவதற்குள், யோசனை எவ்வளவு மட்டமானது என்று அடிவயிறு சொல்லிவிட்டது.

வண்டி ஓட்டியவர் புதுசு. பிரேக்கைப் போட்டால் எல்லோரும் ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தார்கள். அப்படி ஒரு பிரேக்கில் மடியிலிருந்த பிளாஸ்க் சாய்ந்து, மூடி இடுக்கிலிருந்து நூடுல்ஸ் இழை ஒன்று எட்டிப் பார்த்தது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். இவர் குனிந்து, மூடியில் வாயை வைத்து, இழையை உறிஞ்சினார்.

சர்ர்ர்!

"என்னங்க சத்தம்?"

"பஸ்ல காத்து லீக் ஆகுது. இந்த மாடலே அப்படித்தான்."

"ஓ" என்று அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் இலேசாகக் குலுங்கியது. ரோடு அப்படி.

டெப்போ மருத்துவ அறை வாசலில் ஒரு பெஞ்சு. கழிப்பறைக்கு ஓடலாம் என்று பார்த்தால், கதவில் 'கழுவப்படுகிறது' என்று பலகை தொங்கியது. கால்மேல் கால் போட்டு, கால் மாற்றிப் போட்டு, எழுந்து நின்று, உட்கார்ந்து, அவர் பட்ட பாட்டைப் பார்த்து நர்ஸம்மாவே இரக்கப்பட்டாள்.

"பயப்படாதீங்கண்ணே. பிரஷர்தானே பாக்கப் போறோம், ஆபரேஷனா பண்ணப் போறோம்?"

பலகை விலகியதும் உள்ளே ஓடி வெளியே வந்தார். ஜென்மம் கடைத்தேறிய மாதிரி இருந்தது. அந்த நிம்மதி டாக்டர் அறைக்குள் கால் வைக்கும்வரைதான் நீடித்தது.

டாக்டர் இருமிக்கொண்டிருந்தார். கையில் ஒரு மாத்திரை. "சிஸ்டர், வெந்நீர் இருக்கா?"

"கெட்டில் ரிப்பேர் சார்" என்றாள் நர்ஸம்மா.

"இவர் பிளாஸ்க்ல இருக்கு டாக்டர்!" என்றாள் மனைவி, பளிச்சென்று.

ஏழாம் நம்பரின் முகத்தில் ஈயாடவில்லை. "வேண்டாம் டாக்டர், ஆறிப் போயிருக்கும்."

"பரவாயில்ல, குடுங்க."

"அது... அதுல வாய் வச்சுக் குடிச்சிருக்கேன் டாக்டர்."

"பொய்! மூடியைத் தொறக்கவே இல்ல" என்று மனைவி பிளாஸ்க்கைப் பிடுங்கி நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

நர்ஸம்மா மூடியைத் திருகி டாக்டரின் கோப்பையில் கவிழ்த்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. அடியில் தட்டினாள். பொதக்!

பிளாஸ்க் எந்த வடிவமோ அதே வடிவத்தில், கோப்பைக்கு மேல் கோபுரமாக நின்றது நூடுல்ஸ். ஊறி உப்பி, மஞ்சளாக, பூண்டு மணக்க. கோபுரத்தின் உச்சி மெல்லச் சாய்ந்து டாக்டரின் மேஜைமேல் வழிந்தது.

"என்னய்யா இது?" என்றார் டாக்டர். கையிலிருந்த மாத்திரை கீழே விழுந்தது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஏழாம் நம்பர் மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "தினமும் சாப்பிட்டேன் டாக்டர். ஒரு நாள் விடல. பொடியை ஒரு துளி மிச்சம் வைக்காம, பொட்டலத்தை உதறிப் போட்டுத்தான் சாப்பிட்டேன். தலையணைக்குள்ள வச்சிருந்தேன். கழுத்துல ஒண்ணும் இல்லம்மா, என்னை மன்னிச்சுடு. தைலத்தை வீணாக்கிட்டேன்."

மனைவி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். உடம்பெல்லாம் குலுங்கியது. அழுகிறாளே என்று இவருக்கு நெஞ்சு உருகிவிட்டது.

"கையை நீட்டுங்க" என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். ஏழாம் நம்பர் கண்களை இறுக மூடிக்கொண்டார். உள்ளே குடைகள் தெரிந்தன. பல்செட்டு அவரைப் பார்த்துச் சிரித்தது.

"இந்தக் கையில தப்பாக் காட்டுது. அந்தக் கை."

அந்தக் கையிலும் பார்த்தார். நர்ஸம்மாவை வேறு கருவி கொண்டுவரச் சொன்னார். அதிலும் பார்த்தார். கடைசியில் கருவி சரியாக இருக்கிறதா என்று தன் கையிலேயே கட்டிப் பார்த்துக்கொண்டார். கருவி சரியாகத்தான் இருந்தது. டாக்டருக்குத்தான் ஏறியிருந்தது.

"நார்மல்" என்றார், ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்வது போல. "உங்களுக்கு நார்மல்யா. பச்சப்புள்ளை மாதிரி இருக்கு. எப்படின்னு எனக்குப் புரியல."

"அப்போ... ஸ்டியரிங்?"

"ஓட்டுங்க. எங்கயாவது தூரமா ஓட்டிட்டுப் போங்க."

ஏழாம் நம்பர் நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டாக்டரின் கையையும் பிடிக்கப் போனார், அவர் பின்னால் இழுத்துக்கொண்டார். டெப்போவைத் தாண்டும்போது தன் பஸ்ஸின் மூக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தார். வழியெல்லாம் ஒரே பேச்சு.

"பாத்தியா? மூணு மாசம் சாப்பிட்டேன், பிரஷர் இறங்கியிருக்கு! டாக்டருக்கு என்ன தெரியும்? அது பொடியே இல்லம்மா, மருந்து! நீ அரைக்கிறியே, தப்பா நெனைக்காத, என்ன இருந்தாலும் கம்பெனிக்காரன் கைப்பக்குவம் வருமா?"

"வராதுதான்" என்றாள் மனைவி, அடக்க ஒடுக்கமாக.

"இனிமே எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?" என்று, முதல் தடவையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். அதே கம்பெனி, அதே பாக்கெட். இரண்டாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நேராக அடுப்படிக்குப் போனார்.

கூடத்தில் மாமனார் பொட்டலம் ஒட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, மறுபடி ஓரம் கோணலாப் போகுது பாருங்க" என்றபடி மனைவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஏழாம் நம்பர் கிண்ணத்தோடு வந்து, நடுக்கூடத்தில், எல்லோரும் பார்க்க, ராஜா மாதிரி நாற்காலியில் அமர்ந்தார். தட்டை எடுத்தார். கண்ணாடி மறைந்தது. சர்ர்ரென்று ஓர் உறிஞ்சு.

"தூ! தூ! என்ன கண்றாவி இது?" நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "உப்பு! வெறும் உப்பு! மிளகைக் காணோம், பூண்டைக் காணோம். கம்பெனிக்காரன் கெட்டுப் போயிட்டான்மா! நேத்து வரைக்கும் அமிர்தமா இருந்ததே. விடறதா இல்ல, இந்த இன்னொரு பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கடைக்காரன் மூஞ்சியிலயே..."

மாமனார் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கையை மட்டும் நீட்டினார்.

"அதை இங்க குடுங்க மாப்பிள்ளை. இன்னும் அதைப் பிரிச்சு நம்ம பொடியை வச்சு ஒட்டல."