கீறல் வைத்தியர்கள்

காரில் நகமளவு கீறல் விழுந்தால் அதை வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம் என்று நம்புகிற ஜீவராசி ஒன்று நம்மிடையே உலவுகிறது. பட்டறைக்காரன் எல்லாம் கொள்ளைக்காரன், பெயின்ட் அடிப்பதில் என்ன பெரிய கம்பசூத்திரம் இருக்கிறது, இந்த இரண்டும்தான் அதன் வேதம்.

எங்கள் எண்ணூரில் அந்த இனத்தின் தலைமகன் அருள்நாதன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவருடைய காரில் கீறல் விழாமல் வேறென்ன விழும்? விழுந்தது, இடது பின்கதவில், ஒரே ஒரு கோடு. நேரம்தான் சரியில்லை. தன் தங்கை கல்யாணத்துக்குப் பெண் வரப்போவது எங்கள் காரில்தான் என்று மனைவி ஹெப்சிபா தாய்வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போய்விடுமே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் விடச் சொல்லிக் கெஞ்சினாள். கேட்டாரா?

நேராகக் காசிமேட்டுக்குப் போய் விசைப்படகுக்கு அடிக்கிற பெயின்ட் வாங்கி வந்தார். கடல் தண்ணீரிலேயே நிற்கிற பெயின்ட் கதவில் நிற்காதா என்பது அவர் வாதம். சாம்பல் நிறக் காருக்காக வெள்ளையில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, அச்சு அசல் அதே நிறம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, படகு தேய்க்கிற முரட்டு உப்புத்தாளால் கீறலைத் தேய்க்க, கீறல் போய் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சொரசொரப்பு வர, அதைச் சமன்செய்ய இன்னும் கொஞ்சம் தேய்க்க, பொழுது சாய்வதற்குள் கதவு முழுக்கத் தகரம் பல்லிளித்தது. அசரவில்லை மனிதர். பிரஷ்ஷை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். ஈரம் காய்வதற்குள் கடற்காற்று கிளம்பி, ஊரில் பறக்கிற நிலக்கரித் தூசியை எல்லாம் கொண்டுவந்து அதன்மேல் அப்பிவிட்டுப் போனது.

அதற்கு மெட்டாலிக் ஃபினிஷ் என்று பெயர் வைத்துவிட்டு, ஹெப்சிபாவைக் கூப்பிட்டார்.

"கீறலு எங்க கீது, சொல்லு பாப்போம்."

"கீறலு இல்ல. கதவு எங்க கீதுன்னுதான் தேடிகினு கீறேன்" என்றாள் அவள்.

கல்யாணத்தன்று இரண்டு பக்கக் கதவும் தெரியாதபடி ரோஜாவும் சம்பங்கியுமாக அப்பி, பெண்ணை வலது பக்கமாக ஏற்றினாள் ஹெப்சிபா. சர்ச் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் அந்த அலங்காரத்தைப் பார்த்து அசந்துபோனார்கள். அப்பாடா என்று அவள் மூச்சுவிடப்போகிற நேரத்தில், மாப்பிள்ளையின் அப்பா அலெக்ஸாண்டர் மட்டும் இடது கதவில் பூவை விலக்கி விரலால் தடவினார்.

"போட்டுக்கு அடிக்கிற பெயின்ட்டா?" என்று அருள்நாதன் காதில் கிசுகிசுத்தார் அவர். "பட்டி பாத்து மட்டம் பண்ணாம அடிச்சிகீறீங்களே. என் வண்டிய வந்து பாருங்க, நானே அடிச்சது."

உள்ளே மோதிரம் மாற்றியபோது இரண்டு பேரையும் காணோம். வெளியே குனிந்து, ஒருவர் கதவை ஒருவர் தடவித் தடவி மெச்சிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சம்பந்தம் இனி ஆயுசுக்கும் அசையாது என்று ஹெப்சிபாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தண்ணீர் தொட்டு நைஸ் உப்புத்தாளில் தேய்த்திருந்தால் பிரமாதமாக வந்திருக்குமே என்று படிக்கும்போதே மனதுக்குள் சொல்லிக்கொண்டது நீங்கள்தானே? உங்கள் வண்டியைக் கொஞ்சம் திருப்பி நிறுத்துங்கள். அந்தப் பக்கக் கதவைப் பார்க்க வேண்டும்.